கென்னடியின் முதுகுவலி

நான்கு ஆபரேஷன் தீர்க்காத வேதனை. தேகப்பயிற்சி தந்த நிவாரணம்

1961-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. வாஷிங்டன் நகரில் முதல் நாள் இரவு பனி கொட்டியிருந்தது. குளிர் எலும்பைத் துளைத்தது. மேடையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்கள் நடுவிலிருந்து ஒரு வாலிபர் எழுந்தார். மேல்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, அமெரிக்காவின் 35-வது ஜனாதிபதியாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அவர்தான் ஜான் எப். கென்னடி. அப்போது அவருக்கு வயது 43. தேர்தலில் வென்று அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவரைவிட இளையவர் யாரும் இல்லை.

அடர்ந்த தலைமுடி. மலர்ந்த சிரிப்பு. ஆறடி உயரம். ஆரோக்கியத்துக்கு ஓர் உருவம் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று உலகம் நினைத்தது.

உலகம் நினைத்தது வேறு, உண்மை வேறு. அவர் முதுகில் அதற்குள் நான்கு முறை கத்தி வைக்கப்பட்டிருந்தது. சட்டைக்குள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சை ஒன்றை அவர் வழக்கமாக அணிந்துவந்தார். இடது காலில் காலுறை மாட்டக் குனிய முடியாமல் தவித்த நாட்கள் உண்டு. தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு.

அவருடைய வைத்தியக் குறிப்புகள் பல காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. 2002-ம் ஆண்டில்தான் ஒரு சரித்திர ஆசிரியர் அவற்றைப் படித்து வெளியிட்டார். அந்த வாலிபர் எவ்வளவு பெரிய நோயாளி என்பதை அப்போதுதான் உலகம் முழுமையாக அறிந்தது.

செல்வச் சீமான் வீட்டு நோயாளிப் பிள்ளை

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் புரூக்லைன் என்ற ஊரில் 1917-ம் ஆண்டு மே 29-ந் தேதி கென்னடி பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் இரண்டாமவர். தந்தை ஜோசப் கென்னடி பங்கு வியாபாரத்திலும் சினிமாத் தொழிலிலும் பணத்தைக் குவித்தவர்.

வீட்டில் எதற்கும் குறைவில்லை. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. மூன்று வயது நிறையுமுன்பே ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து உயிருக்கு ஆபத்தாகிப் பிழைத்தார். பள்ளியில் படித்த காலத்தில் வயிற்றுக் கோளாறு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிப் படுத்தார். படுக்கையில் கிடந்தபடியே புத்தகங்களைப் படித்துத் தள்ளினார். சரித்திரத்தில் அவருக்கு இருந்த மோகம் அப்படி வந்ததுதான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விளையாட்டானாலும் படிப்பானாலும் ஜெயிக்க வேண்டும். இரண்டாவது இடம் என்பது தந்தைக்குப் பிடிக்காது. அதனால் ஒல்லியான உடம்பை வைத்துக்கொண்டு, ஹார்வர்டு சர்வகலாசாலையில் அமெரிக்கப் புட்பால் ஆடினார் கென்னடி. ஆளை ஆள் மோதித் தள்ளும் முரட்டு ஆட்டம் அது. முதுகில் அடிபட்டது. அன்று தொடங்கிய வலி அவரை விட்டு முழுவதும் விலகவே இல்லை.

பிறவியிலேயே அவருடைய முதுகு பலவீனமானது என்பவர்களும் உண்டு. ஆட்டத்தில் பட்ட அடிதான் காரணம் என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் இருபது வயதை ஒட்டியே முதுகுவலிக்காரர் ஆகிவிட்டார்.

கடலில் ஒரு சோதனை

1941-ம் ஆண்டில் ராணுவத்தில் சேர மனுப் போட்டார். முதுகைப் பரிசோதித்த டாக்டர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடற்படையும் அப்படியே சொன்னது. வேறொருவராக இருந்தால் வந்தது லாபம் என்று வீட்டில் இருந்திருப்பார். கென்னடி தந்தையின் செல்வாக்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஆண்டு அக்டோபரில் கடற்படையில் நுழைந்துவிட்டார். சண்டைக்குப் போகாமல் தப்பிக்கச் சிபாரிசு தேடுவார்கள். இவர் சண்டைக்குப் போவதற்காகச் சிபாரிசு தேடினார்!

பசிபிக் சமுத்திரத்தில், சாலமன் தீவுகள் பக்கம், பி.டி.109 என்ற டார்பிடோ படகுக்கு அவர் தலைவரானார். 1943-ம் ஆண்டு ஆகஸ்ட் 2-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், கும்மிருட்டில், அமகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அந்தப் படகின் மேல் பாய்ந்தது. படகு பிளந்தது. கென்னடி தூக்கி எறியப்பட்டு முதுகு அடிபட விழுந்தார்.

படகில் இருந்தவர்கள் 13 பேர். இரண்டு பேர் மாண்டார்கள். பதினொரு பேர் உடைந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். பிறகு ஐந்து கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு சிறு தீவுக்கு நீந்தினார்கள். அவர்களில் பாட்ரிக் மக்மகன் என்பவர் தீயில் வெந்து நீந்த முடியாமல் இருந்தார். அவருடைய மிதவைச் சட்டையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு, சுமார் நான்கு மணி நேரம் அவரை இழுத்தபடியே நீந்தினார் கென்னடி. ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கிய முதுகு அது!

அந்தத் தீவுகளைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் அவர்களைக் கண்டார்கள். ஒரு தேங்காய் ஓட்டில் செய்தி கீறி அவர்களிடம் கொடுத்தார் கென்னடி. அதன் மூலம் உதவி வந்தது. ஆகஸ்ட் 8-ந் தேதி பதினொரு பேரும் மீட்கப்பட்டார்கள். கென்னடிக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. ஆனால் முன்பே புண்பட்டிருந்த முதுகு இன்னும் மோசமானது.

முதல் ஆபரேஷன்

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று 24 எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடியில் ஒன்றாகச் சேர்ந்துபோன எலும்புகள் இருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை போல் ஒரு சவ்வு உண்டு. அதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். வெளியே கெட்டியான நார்; உள்ளே கூழ் போன்ற பொருள். நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி இழுக்கும்.

இந்த உண்மையை 1934-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து டாக்டர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். அது முதல் முதுகுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் சவ்வுதான் காரணமோ என்று டாக்டர்கள் தேடத் தொடங்கினார்கள்.

கென்னடியும் பாஸ்டனுக்குத்தான் போனார். 1944-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் முதுகைத் திறந்தார்கள். சவ்வு பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சவ்வு சற்று மிருதுவாக இருந்தது. அதை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். நோயாளி எழுந்து நின்றதும் முதுகுத் தசைகள் முறுக்கிக்கொண்டன. வலி பழையபடியே இருந்தது.

அவர் தேறிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்தில், விமானப் படையாளியாக இருந்த அண்ணன் ஜோ வெடிவிபத்தில் மாண்டார். அண்ணனை அரசியலில் உயர்த்த வேண்டும் என்று தந்தை கண்ட கனவு தம்பியின் தோள் மேல் வந்து உட்கார்ந்தது.

சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி

1946-ம் ஆண்டில் கென்னடி பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் போன இடத்தில் மயங்கி விழும் நிலைக்கு வந்தார். லண்டன் டாக்டர் பரிசோதித்து அடிசன் நோய் என்று கண்டுபிடித்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாத நோய் அது. ஓராண்டுகூடத் தாங்கமாட்டார் என்று அந்த டாக்டர் கருதினார். ஊர் திரும்பும் கப்பலில் பாதிரியார் ஒருவர் கத்தோலிக்க முறைப்படி கடைசிச் சடங்கும் செய்தார்.

நல்ல வேளையாகக் கார்ட்டிசோன் என்ற மருந்து வந்தது. அது கென்னடியின் உயிரைக் காத்தது. ஆனால் அந்த மருந்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஆண்டுக் கணக்கில் சாப்பிட்டால் எலும்பு மெலியும். காயம் ஆறச் சுணங்கும். கிருமிகள் எளிதில் தொற்றும். கென்னடியின் முதுகெலும்பு நலிந்ததில் இந்த மருந்துக்கும் பங்கு உண்டு என்று டாக்டர்கள் சிலர் கருதுகிறார்கள்.

எமன் வாசல் வரை

1952-ல் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1953-ல் ஜாக்குலினை மணந்தார். 1954-ல் கக்கத்தில் கட்டை இல்லாமல் நடக்க முடியாத நிலை வந்துவிட்டது.

மீண்டும் ஆபரேஷன் செய்யலாமா? அடிசன் நோய் உள்ளவரின் உடம்பு பெரிய ரணசிகிச்சையைத் தாங்காது என்று பாஸ்டன் டாக்டர்கள் தயங்கினார்கள். இப்படியே வாழ்வதைவிட அதைச் செய்துகொள்வதே மேல் என்று கென்னடி முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 37.

அக்டோபர் 21-ந் தேதி நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த ஆபரேஷன் நடந்தது. இடுப்பெலும்புகளை அசையாமல் சேர்த்து, உலோகத் தகடு வைத்து, திருகாணி போட்டு முடுக்கினார்கள்.

மூன்றாம் நாள் கிருமி தொற்றியது. நினைவு தப்பியது. மறுபடியும் பாதிரியார் வந்தார். மறுபடியும் கென்னடி பிழைத்தார்.

டிசம்பரில் அவரைத் தூக்குப் படுக்கையில் வைத்து, விமானத்தில் புளோரிடா மாநிலத்தில் உள்ள தந்தையின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் புண் ஆறவில்லை. 1955-ம் ஆண்டு பிப்ரவரியில் மூன்றாவது ஆபரேஷன். எந்தத் தகட்டை வைப்பதற்காக உயிரைப் பணயம் வைத்தாரோ, அந்தத் தகட்டையே வெளியில் எடுத்துவிட்டார்கள்! திறந்த புண்ணுக்கு ஜாக்குலின் தம் கையாலேயே கட்டுப் போட்டு வந்தார்.

படுத்துக் கிடந்த அந்த மாதங்களில்தான், மனச்சாட்சிக்காகப் பதவியையும் பெயரையும் இழக்கத் துணிந்த எட்டு செனட்டர்களைப் பற்றி ஒரு புத்தகம் உருவாயிற்று. செயலாளர் தியோடர் சோரென்சென் அதை எழுதுவதில் பெரும் பங்கு கொண்டார். 1956-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. 1957-ம் ஆண்டிலேயே முதுகில் சீழ் கட்டி நான்காவது ஆபரேஷனும் நடந்தது.

1955-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில், அடிசன் நோயோடு பெரிய முதுகு ஆபரேஷனைத் தாங்கிய 37 வயது மனிதர் ஒருவரைப் பற்றி விவரம் வெளியாகியிருந்தது. பெயர் இல்லை. அந்த மனிதர் கென்னடிதான் என்பது அவர் மறைந்த பிறகே அம்பலமாயிற்று.

ஊசியும் நாற்காலியும்

1955-ம் ஆண்டில் ஜேனட் டிராவெல் என்ற பெண் டாக்டரிடம் போனார் கென்னடி. அந்த அம்மையார் எலும்பைப் பார்க்கவில்லை; தசையைப் பார்த்தார். தசையில் இறுகிக் கட்டிப்போன புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்து, அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டார். வலி சட்டென்று தணிந்தது.

இன்னொன்றையும் அவர் கண்டார். கென்னடியின் கால்களில் ஒன்று மற்றதைவிடச் சற்றுக் குட்டை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் இடுப்பு சாய்ந்து, முதுகு ஒரு பக்கமாக இழுபட்டது. ஷூவுக்குள் குதிகாலில் தக்கை வைத்து உயரத்தைச் சமப்படுத்தினார். சாய்ந்தாடும் நாற்காலியில் உட்காரச் சொன்னதும் அவரே. ஒரே நிலையில் உட்காராமல் உடல் மெல்ல அசைந்துகொண்டே இருந்தால் தசை இறுகாது என்பது அவர் கணக்கு. அந்த நாற்காலி பின்னால் வெள்ளை மாளிகைக்கும் போய், உலகமெங்கும் பத்திரிகைப் படங்களில் வந்தது. 1961-ல் ஜனாதிபதியின் டாக்டராகவும் அந்த அம்மையார் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியை வகித்த முதல் பெண்மணி அவர்தான்.

1960-ம் ஆண்டுத் தேர்தல் போட்டியின்போது, எதிர்க் கோஷ்டியினர் கென்னடிக்கு அடிசன் நோய் இருப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். கென்னடி தரப்பினர் வார்த்தைகளைச் சாமர்த்தியமாகக் கையாண்டு மறுத்தார்கள். குற்றம் சாட்டியவர்களில் ஒருவர் டெக்ஸாஸ்காரரான ஜான் கானலி. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டி செய்த வினை

1961-ம் ஆண்டு மே மாதம் கென்னடி கனடா தேசத்துக்கு அரசாங்க விருந்தினராகப் போனார். தலைநகர் ஆட்டவாவில் மரம் நடும் விழா. மண்வெட்டியை எடுத்துக் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார். அவ்வளவுதான்! முதுகு பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் வியன்னாவில் ரஷ்யத் தலைவர் குருஷேவைச் சந்திக்க வேண்டும். அணுகுண்டுகளைக் குவித்து வைத்திருந்த இரண்டு வல்லரசுகளின் பேச்சு அது. கென்னடி வலியோடு போனார். மாக்ஸ் ஜேக்கப்சன் என்ற நியூயார்க் டாக்டரும் கூடவே போனார். அவர் போட்ட ஊசிகளில் கிளர்ச்சி ஊட்டும் மருந்து கலந்திருந்தது. பின்னால் 1975-ம் ஆண்டில் அந்த டாக்டரின் வைத்திய உரிமமே பறிக்கப்பட்டது.

ஊர் திரும்பியதும் கட்டை ஊன்றி நடந்தார் கென்னடி. ஒரு நாளில் பல முறை ஊசி வேண்டியிருந்தது. ஊசி போட்டால் வலி மறையும். மருந்தின் வேகம் இறங்கியதும் திரும்பும். இப்படியே போனால் ஜனாதிபதி நடமாட முடியாதவர் ஆகிவிடுவார் என்று வெள்ளை மாளிகையில் இருந்த கடற்படை டாக்டர் பர்க்லி கவலைப்பட்டார். வேறு ஒருவரை அழைக்க ஏற்பாடாயிற்று.

மலையேறி வந்த வைத்தியர்

அந்த வேறொருவர் ஹான்ஸ் கிராவுஸ். 1905-ல் டிரியஸ்ட் துறைமுகத்தில் பிறந்து, 1938-ல் அமெரிக்காவில் குடியேறியவர். செங்குத்தான பாறைகளில் ஏறுவதில் பேர் போனவர்.

முதுகுவலிக்காரர்கள் பெரும்பாலோருக்கு எலும்பிலோ சவ்விலோ கோளாறு இல்லை. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலவீனமாக இருப்பதும், தொடைத் தசை சுருங்கி இறுகிக் கிடப்பதுமே காரணம் என்பது அவர் கொள்கை. டாக்டர் சோனியா வெபருடன் சேர்ந்து ஆறு எளிய சோதனைகளை வகுத்தார். படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார முடிகிறதா? முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட முடிகிறதா? இப்படிப்பட்ட சோதனைகள்தான்.

பிள்ளைகளுக்கு இவற்றை வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒன்றில் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. காரிலும் நாற்காலியிலும் வளர்கிற பிள்ளைகளின் கதி இது என்று கிராவுஸ் சொன்னார். 1955-ல் இந்தச் செய்தி அன்றைய ஜனாதிபதி ஐசனோவர் காதுக்கு எட்டியது. மறு ஆண்டு இளைஞர் தேக வலிமைக்கென்று ஒரு சபையையே அவர் ஏற்படுத்தினார்.

1961-ம் ஆண்டு அக்டோபரில் கிராவுஸ் வெள்ளை மாளிகைக்கு வந்தார். அதே சோதனைகளை ஜனாதிபதிக்கும் வைத்தார். படுத்த நிலையிலிருந்து ஒரு தடவைகூட எழுந்து உட்கார முடியவில்லை! தொடைத் தசைகள் கட்டை போல் விறைத்திருந்தன. பல ஆண்டுகளாகக் கச்சை தாங்கியதால், தாங்க வேண்டிய தசைகள் வேலையை மறந்து மெலிந்துபோயிருந்தன.

ஊசி கூடாது, தினமும் தேகப்பயிற்சி வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார் கிராவுஸ். பளு தூக்கும் பயிற்சி அல்ல. தரையில் படுத்து உடலைத் தளர்த்துவது. மூச்சை மெல்ல விடுவது. முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவது. தொடைத் தசையை வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. பிறகு வயிற்றுத் தசைக்கு வேலை கொடுப்பது. நம் ஊர்ப் பிள்ளைகள் டிரில் வகுப்பில் செய்கிற பயிற்சிகளைப் போன்றவைதான்.

வெள்ளை மாளிகையில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்காகப் பொதுமக்கள் பணம் திரட்டி 1933-ல் அமைத்துக் கொடுத்தது. வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் கென்னடி நீந்தினார். பக்கத்திலேயே பயிற்சி. கிராவுஸ் நியூயார்க்கிலிருந்து அடிக்கடி வந்து போனார். விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சில மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. 1962-ல் கட்டை தேவைப்படவில்லை. நிறுத்திவிட்டிருந்த கோல்ப் ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார். குழந்தைகளைத் தூக்கவே பயந்திருந்தவர் தூக்கத் துணிந்தார். நான்கு ஆபரேஷன்கள் செய்யாததைத் தரையில் விரித்த ஒரு விரிப்பு செய்தது!

முழுக் குணம் என்று சொல்வதற்கில்லை. வெட்டித் தைத்த முதுகு புதிதாகிவிடாது. கச்சையும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அதைக் கழற்றிப் போட வேண்டும் என்பதே கிராவுஸின் நோக்கம். ஆண்டுக் கணக்கில் தாங்கிய துணையை விட்டுவிடக் கென்னடிக்கு மனம் வரவில்லை.

டல்லாஸ் வீதியில்

1963-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி. டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரம். அன்று காலையும் கென்னடி கச்சையைக் கட்டினார். அதன் மேல் இழுபடும் துணிப்பட்டியையும் இறுக்கிச் சுற்றியிருந்தார்.

பகல் 12.30 மணி. திறந்த கார். பக்கத்தில் ஜாக்குலின். முன் ஆசனத்தில் அந்த மாநிலத்தின் கவர்னர். அவர்தான் ஜான் கானலி! முன்பு கென்னடியின் நோயை ஊருக்குச் சொன்னவர், இப்போது அவரை வரவேற்று அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

துப்பாக்கி வெடித்தது. கென்னடியின் மேல்முதுகில் பாய்ந்த குண்டு கழுத்தின் வழியே வெளியேறியது. கானலியும் குண்டடி பட்டுச் சாய்ந்தார். கென்னடி சாயவில்லை, உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். சில விநாடிகளில் இன்னொரு குண்டு தலையில் பாய்ந்தது.

கச்சை இல்லாமல் இருந்திருந்தால் முதல் குண்டிலேயே அவர் சரிந்து விழுந்திருப்பார், தலைக்கு வந்த குண்டு தவறியிருக்கும் என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. அப்படி நிரூபிக்க முடியாது என்பவர்களும் உண்டு. ஆனால் முதல் குண்டு பட்ட பிறகும் அவர் நிமிர்ந்தே இருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அப்போது அவருக்கு வயது 46.

உங்கள் முதுகுக்குச் சேதி

முதுகுவலி ஜனாதிபதிகளுக்கு மட்டும் வருவதல்ல. 2020-ம் ஆண்டில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் அவதிப்பட்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தையல் மெஷினில் குனிந்திருப்பவர், லாரி ஓட்டுபவர், கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருப்பவர், தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்மணி, யாரையும் அது விடுவதில்லை.

இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பில் இன்ன கோளாறு என்று சுட்டிக் காட்டும்படி எதுவும் இருப்பதில்லை. தசைப் பிடிப்பு, நெடுநேரம் ஒரே நிலையில் உட்காருதல், தேகப்பயிற்சி இல்லாமை, குனிந்து பளு தூக்குதல், மனக்கவலை, தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்து வரும் வலி அது. கழுத்துவலியும் பெரும்பாலும் அப்படித்தான். செல்போனிலோ மேஜையிலோ மணிக்கணக்கில் தலை குனிந்திருந்தால், தலையின் பாரத்தைக் கழுத்துத் தசைகள் இடைவிடாமல் தாங்க வேண்டியிருக்கிறது. அவை களைத்து இறுகிவிடுகின்றன.

மற்றவர்களுக்குத்தான் சவ்வுப் பிதுக்கம், மூட்டுத் தேய்மானம், எலும்பு மெலிவு, காச நோய் போன்ற காரணங்கள். படம் எடுத்துப் பார்த்தால் சவ்வு சற்றுப் பிதுங்கியிருப்பது, வலியே இல்லாதவர்களிடமும் தெரிகிறது. ஆகவே படத்தைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

திடீரென்று பிடித்த முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். நாள் கணக்கில் படுக்கையில் கிடப்பது நல்லதல்ல. முடிந்த அளவு நடமாட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். பளு தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும். வலி தணிந்த பிறகு முதுகுக்கும் வயிற்றுக்கும் உரிய பயிற்சிகளைத் தெரிந்தவர்களிடம் கற்று, விடாமல் செய்ய வேண்டும்.

கால் மரத்தாலோ, பலம் குன்றினாலோ, சிறுநீர் மலம் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ, கீழே விழுந்த பின் வலி வந்தாலோ தாமதிக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். கத்தி வைத்தே தீர வேண்டிய நோய்களும் சில உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணத்துக்கும் பதவிக்கும் குறைவில்லாத கென்னடி தேடாத டாக்டர் இல்லை. போடாத ஊசி இல்லை. கடைசியில் அவருக்குக் கைகொடுத்த வைத்தியத்துக்குக் காசு செலவில்லை. அது அவர் கைக்கு வந்தபோது வயது 44. வலி தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.